ஒன்றேகால் மில்லிமீட்டர்: மேக்ரோ ஒளிப்படத்தில் புல ஆழமும் படத்தின் தரமும்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் நகைக்கடைப் பேழைக்குள் கிடக்கும் தாலியும், புக்கித் தீமா காட்டில் இலையொன்றின் மேல் நிற்கும் சிலந்தியும் ஒளிப்படக் கருவியின் முன்னே எழுப்பும் சிக்கல் ஒன்றேயாகும். 2015ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்ட டவுன்டவுன் ரயில் தடத்தின் இரண்டாம் கட்டம் லிட்டில் இந்தியா நிலையத்தையும், அக்காட்டுக்கு அருகிலுள்ள பியூட்டி வோர்ல்ட் நிலையத்தையும் ஒரே தடத்தில் இணைத்துவிட்டமையால், காலையில் காட்டிலும் மாலையில் கடைவீதியிலும் ஒரே லென்ஸைக் கொண்டு படமெடுப்பது இந்நகரத்தாருக்கு எளிதாகிவிட்டது. இரண்டு இடங்களிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: பொருளின் முன்பகுதி தெளிவாக இருக்கும்போது பின்பகுதி ஏன் மங்குகிறது, அந்த மங்கலை நீக்க முற்படும்போது படம் முழுவதுமே ஏன் கூர்மை இழக்கிறது? இக்கேள்விக்கான விடையை ஒளியியலின் வழியே தேடி, அது படமெடுப்போரின் கையில் விட்டுவைக்கும் தெரிவுகள் எவை என்று காட்டுவதே இச்சொற்பொழிவின் நோக்கமாகும்.

உருப்பெருக்கமும் புல ஆழமும்

பொருளின் உருவம் சென்சாரின் மீது அப்பொருளின் உண்மை அளவிலேயோ அதற்கு நெருங்கிய அளவிலேயோ, அதைவிடப் பெரிதாகவோ விழுமாறு எடுக்கப்படும் படமே மேக்ரோ படம் எனப்படும். சென்சாரில் விழும் உருவத்தின் நீளத்தைப் பொருளின் நீளத்தால் வகுக்கக் கிடைக்கும் எண் உருப்பெருக்கம் ஆகும். 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடைய முழுச்சட்டகச் சென்சாரில், 36 மி.மீ. அகலமுள்ள காட்சி சட்டகத்தை நிறைத்தால் உருப்பெருக்கம் 1 என்றும், 18 மி.மீ. காட்சி நிறைத்தால் 2 என்றும், 7.2 மி.மீ. காட்சி நிறைத்தால் 5 என்றும் கொள்ளப்படும்.

எந்த லென்ஸும் கண்டிப்பான பொருளில் ஒரேயொரு தளத்தைத்தான் கூர்மையாகக் காட்டும். அத்தளத்துக்கு முன்னும் பின்னும் உள்ள புள்ளிகள் சென்சாரில் புள்ளிகளாக விழாமல் சிறு வட்டங்களாகப் பரவுகின்றன. அவ்வட்டம் கண்ணுக்கு வட்டமாகத் தெரியாத அளவு சிறியதாக இருக்கும்வரை படம் தெளிவாக இருப்பதாகவே பார்ப்பவர் கொள்வர். ஏழெட்டு மடங்கு பெரிதாக்கி அச்சிட்ட படத்தை 25 செ.மீ. தொலைவில் வைத்துப் பார்க்கும் கண், ஏறத்தாழ 0.2 மி.மீ. அளவுள்ள வட்டத்தைப் புள்ளியாகவே எடுத்துக்கொள்வதால், முழுச்சட்டகச் சென்சாருக்கு 0.03 மி.மீ. என்பது மங்கல் வட்டத்தின் வழக்கமான வரம்பாக நெடுங்காலமாக இருந்துவருகிறது. இந்த வரம்புக்குள் அடங்கும் முன்பின் இடைவெளியே புல ஆழம் என்று வழங்கப்படுகிறது.

மேக்ரோ படத்தில் புல ஆழத்தைக் கணிக்கும் வழி எளியது. மங்கல் வட்டத்தின் இருமடங்கை எஃப் எண்ணால் பெருக்கி, உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணாலும் பெருக்கி, கிடைப்பதை உருப்பெருக்கத்தின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். எஃப் எண் என்பது லென்ஸின் குவியத் தூரத்தை அதன் ஒளித்துளையின் விட்டத்தால் வகுத்து வரும் எண்ணாகும். எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். திருமண வீட்டில் ஒருவரைத் தலையும் தோளும் தெரியுமாறு எஃப்/8 துளையில் எடுக்கும்போது உருப்பெருக்கம் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகவும், புல ஆழம் 20 செ.மீ. அளவாகவும் இருப்பதால், மூக்கு முதல் காது வரை யாவும் தெளிவாக விழுந்துவிடுகின்றன. அதே எஃப்/8 துளையில், உருப்பெருக்கம் 1 ஆகும்போது, அந்த 20 செ.மீ. ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. உருப்பெருக்கம் 2 ஆனால் எஞ்சுவது 0.36 மி.மீ. மட்டுமே.

துளையைச் சுருக்குவதன் விலை

இக்கணக்கைக் காணும் எவருக்கும் முதலில் தோன்றும் தீர்வு, துளையை மேலும் மேலும் சுருக்குவதேயாகும். உருப்பெருக்கம் 1 என்ற நிலையில் எஃப்/11 துளை 1.32 மி.மீ. ஆழத்தையும், எஃப்/16 துளை 1.92 மி.மீ. ஆழத்தையும் தருவதாகக் கணக்குக் காட்டுகிறது. ஆனால் இக்கணக்கு ஒளியை நேர்கோட்டில் செல்லும் கதிராக மட்டும் கருதிப் போடப்பட்டது. ஒளி அலையாகவும் இயங்குவதால், சிறு துளையின் விளிம்பில் அது பரவிச் சிதறுகிறது. விளிம்பு விளைவு என்று பள்ளி இயற்பியல் நூல்கள் குறிப்பிடும் இந்நிகழ்வினால், குறையே இல்லாத லென்ஸ்கூட ஒரு புள்ளியைப் புள்ளியாகக் காட்ட இயலாமல், நடுவில் பிரகாசமான வட்டும் சுற்றிலும் மங்கிய வளையங்களுமாகவே காட்டுகிறது. பிரிட்டிஷ் வானியலறிஞர் ஜார்ஜ் ஏரி 1835இல் இவ்வட்டின் அமைப்பைக் கணித்துக் காட்டியமையால் அது ஏரி வட்டு என்று பெயர் பெற்றது. பச்சை ஒளிக்கு அதன் விட்டம், எஃப் எண்ணை 1.34ஆல் பெருக்கினால் எத்தனை வருகிறதோ அத்தனை மைக்ரான் ஆகும்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

மேக்ரோவில் இன்னொரு நுட்பமும் சேர்ந்துகொள்கிறது. நெருக்கத்தில் குவியம் கொள்ளும்போது லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரம் நீள்வதால், லென்ஸில் குறிக்கப்பட்ட எஃப் எண் அப்படியே செயற்படுவதில்லை. அதை உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் பெருக்கினால் வருவதே செயற்படும் எஃப் எண்ணாகும். உருப்பெருக்கம் 1இல் எஃப்/8 என்று குறித்த துளை எஃப்/16 ஆகவும், எஃப்/16 என்று குறித்தது எஃப்/32 ஆகவும் செயற்படுகிறது. சென்சாரை அடையும் ஒளியும் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. உள்ளேயே குவியம் கொள்ளும் இக்கால லென்ஸ்களில் இவ்வெண்கள் சற்று மாறுபட்டாலும் போக்கு மாறுவதில்லை. நிக்கான் கருவிகள் செயற்படும் எண்ணைத் திரையில் காட்டுவதும், கேனன் கருவிகள் குறித்த எண்ணையே காட்டுவதும் வழக்கமாதலால், இரண்டு கருவிகளில் எடுத்த படங்களின் எண்களை ஒப்பிடுவோர் இவ்வேறுபாட்டை முதலில் கவனத்தில் கொள்ளவேண்டும்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எல்லைக்கோடு புலப்படும். உருப்பெருக்கம் 1இல் எஃப்/11 துளை எஃப்/22 ஆகச் செயற்பட்டு ஏறத்தாழ 30 மைக்ரான் அளவுள்ள ஏரி வட்டைத் தருகிறது. மங்கல் வட்டத்துக்கு வகுத்த 0.03 மி.மீ. வரம்பும் அதுவேதான். துளையை எஃப்/16க்குச் சுருக்கினால் வட்டு 43 மைக்ரானாகி வரம்பை மீறுவதால், 1.92 மி.மீ. ஆழம் என்று கணக்குக் காட்டும் பகுதியில் எந்த இடமும், குவியத்தளம் உட்பட, உரிய கூர்மையைப் பெறுவதில்லை. ஆழம் கூடியதாகத் தோன்றுவது, படம் முழுவதும் ஒரே சீராக மங்கியதன் விளைவேயாகும். 2.4 கோடிப் பிக்சல் கொண்ட முழுச்சட்டகச் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் 6 மைக்ரான் அகலமுடையது என்பதை நினைத்தால், 43 மைக்ரான் வட்டு எத்தனை பிக்சல்களை விழுங்கிவிடுகிறது என்பது தெளிவாகும்.

வாங்கித் தீர்க்க முடியாத வரம்பு

செயற்படும் எஃப் எண்ணை 22 என்று நிலையாக வைத்துக்கொண்டால், மேலே கூறிய வாய்பாடு ஒரே வரியில் அடங்கிவிடும்: ஒரே படத்தில் பெறத்தக்க மிகுதியான புல ஆழம், 1.32 மி.மீ.யை உருப்பெருக்கத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதாகும். உருப்பெருக்கம் 1இல் ஒன்றேகால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், 2இல் 0.33 மி.மீ.; கேனன் நிறுவனம் 1999இல் வெளியிட்ட 65 மி.மீ. மேக்ரோ லென்ஸ் எட்டும் உருப்பெருக்கம் 5இல் வெறும் 0.05 மி.மீ. இவ்வாய்பாட்டில் லென்ஸின் குவியத் தூரமோ அதன் விலையோ இடம்பெறவில்லை என்பதே இங்கே கருதத்தக்கது.

நீண்ட லென்ஸ் குறைந்த ஆழம் தரும், குட்டை லென்ஸ் மிகுந்த ஆழம் தரும் என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால் உருப்பெருக்கமும் துளையும் ஒன்றாக இருக்கும்வரை 60 மி.மீ. லென்ஸும் 180 மி.மீ. லென்ஸும் ஏறத்தாழ ஒரே ஆழத்தைத்தான் தருகின்றன. வேறுபடுவன இரண்டு: பின்னணி எவ்வளவு பரந்து மங்குகிறது என்பதும், லென்ஸின் முனைக்கும் பொருளுக்கும் இடையே எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதும். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் உண்மை அளவில் படமெடுக்கும்போது ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான இடமே எஞ்சுகிறது. அந்த இடத்தில்தான் பூச்சி அஞ்சாமல் நிற்கவும், ஒளி உள்ளே நுழையவும் வேண்டும்.

சிறிய சென்சார் மிகுந்த ஆழம் தரும் என்பதும், தள்ளி நின்று எடுத்துப் பின்னர் வெட்டிக்கொண்டால் ஆழம் கூடும் என்பதும் பாதி உண்மைகள். சென்சார் சிறுத்தால், அதே காட்சிக்குத் தேவைப்படும் உருப்பெருக்கம் குறைவது உண்மையே. ஆயினும் அச்சில் அதே அளவுக்குக் கொண்டுவர அப்படத்தை மிகுதியாகப் பெரிதாக்க வேண்டியிருப்பதால், மங்கல் வட்டத்தின் வரம்பும் ஏரி வட்டின் வரம்பும் அதே விகிதத்தில் இறுகிவிடுகின்றன. மூன்றையும் கணக்கில் சேர்த்தால் மிகுதியான ஆழம் மாறாமல் முன்னிருந்த இடத்துக்கே வந்து நிற்கிறது. வெட்டி எடுப்பதும் சென்சாரைச் சிறிதாக்குவதற்கு ஒப்பானதே. அதில் பிக்சல்களும் கூடவே இழக்கப்படுகின்றன. கைப்பேசியின் மேக்ரோ படங்கள் முழுத் தெளிவுடன் தோன்றுவதற்குப் பெருங்காரணம், அவை காட்டும் காட்சி பெரும்பாலும் சில செ.மீ. அகலமுடையதாக இருப்பதும், சிறு திரையில் பார்க்கப்படுவதுமே.

எறும்பைப் போன்ற சிலந்தி

ஒன்றேகால் மில்லிமீட்டர் என்பது எவ்வளவு என்பதை உணர, சிங்கப்பூர் மரங்களில் காணப்படும் ஓர் உயிரினத்தை அருகில் வைத்து நோக்கலாம். தமிழகத்தில் முசுறு என்றும் மலாய் மொழியில் கெரெங்கா என்றும் வழங்கும் செம்மஞ்சள் நிற எறும்புகள், இலைகளைப் பட்டு நூலால் பிணைத்துக் கூடு கட்டுகின்றன. அவை நடமாடும் அதே கிளைகளில், நிறத்தாலும் வடிவாலும் நடையாலும் அவற்றைப் போலவே தோன்றும் ஒரு குதிக்கும் சிலந்தியும் வாழ்கிறது. மிர்மப்பிளாட்டா பிளாட்டலியாய்டிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். சிலந்திக்குத் தலையும் மார்பும் ஒன்றாக இணைந்திருப்பது இயல்பு. இச்சிலந்தியிலோ அப்பகுதி நடுவில் இறுகி, எறும்பின் தலையும் மார்பும் போல இரண்டாகத் தோன்றுகிறது. எட்டுக் கால்களில் முன்னிரண்டைத் தூக்கி உணர்கொம்பு போல அசைத்து, எஞ்சிய ஆறில் நடக்கிறது.

பெண் சிலந்தியின் நீளம் 6 முதல் 7 மி.மீ. வரை. இதைச் சிலந்தி என்று படத்தைக் கொண்டு நிறுவ, முகத்தில் முன்னோக்கிய இரண்டு பெரிய கண்களும் அவற்றைச் சூழ்ந்த சிறு கண்களும், எட்டுக் கால்களும், இறுகிய இடுப்பும் தெரியவேண்டும். நேர் எதிரே நின்று எடுத்தால், உடலின் நீளம் முழுவதும் ஆழத் திசையில் விழுவதால், உருப்பெருக்கம் 2இல் கிடைக்கும் ஆழமான மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, பெரிய கண்களின் முகப்போடு தீர்ந்துவிடும். இடுப்பும் வயிறும் நிறக் கறையாகவே விழும். பக்கவாட்டில், உடலின் நீட்சிக்கு இணையாகச் சென்சாரை அமைத்தால், அதே மெல்லிய தளம் தலை முதல் வயிற்று நுனி வரை ஓடி, இறுகிய இடுப்பைத் தெளிவாகக் காட்டும். கண்களின் வரிசை மட்டும் மறைந்துவிடும். ஆகவே இவ்வுயிரினத்தை அடையாளம் காட்ட ஒரே படத்தில் எல்லாவற்றையும் தேடித் துளையைச் சுருக்குவதைவிட, முகத்துக்கு ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுப்பதே அறிவுடைமை. ஆழத்தைக் கூட்ட இயலாத இடத்தில், இருக்கும் ஆழத்தை எதன்மீது கிடத்துவது என்னும் தெரிவே படத்தின் பயனை முடிவு செய்கிறது.

இயற்கையியலாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ் 1854இல் புக்கித் தீமா பகுதியில் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 700 வகை வண்டுகளைத் திரட்டினார். அவர் ஊசியில் குத்தி அனுப்பிய வண்டை எவரும் திருப்பிப் பார்த்து ஐயம் தீர்த்துக்கொள்ள முடிந்தது. இன்று இயற்கைக் காப்பகங்களில் உயிரினங்களைப் பிடிப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளமையால், ஆர்வலர்களிடம் எஞ்சும் சான்று படம் ஒன்றே. அதில் மங்கிய பகுதியைப் பின்னர் எவராலும் திருப்பிப் பார்க்க முடியாது.

தாலியும் இரண்டு பாகையும்

நகைக்கடைப் பொருள் அசைவதில்லை, தட்டையானதுமாகும். எனவே அங்கே சிக்கல் இல்லை என்று தோன்றலாம். 36 மி.மீ. அகலமுள்ள தட்டையான பதக்கமொன்றை உண்மை அளவில் எடுக்கும்போது, அது சென்சாருக்கு இணையாக அமையாமல் இரண்டு பாகை சாய்ந்திருந்தால், ஒரு விளிம்பு மற்றதைவிட 1.26 மி.மீ. தொலைவில் சென்றுவிடுகிறது. கிடைக்கக்கூடிய ஆழம் முழுவதையும் கண்ணுக்குத் தெரியாத இந்தச் சாய்வே உண்டுவிடுவதால், பதக்கத்தின் மேல் புடைத்து நிற்கும் வேலைப்பாட்டுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. இதைச் சரிசெய்ய எளிய முறையொன்று உண்டு. பதக்கம் கிடக்கும் பரப்பில் சிறு கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் அக்கண்ணாடியில் சட்டகத்தின் நடுவே சரியாக விழும்வரை கருவியைத் திருத்தினால், சென்சாரும் பரப்பும் இணையாகிவிடும். அதன்பின் பெரும்பாலான வேலைகளுக்கு எஃப்/8 துளையே போதுமானதாகும்.

தட்டையான பொருளின் நான்கு மூலைகளும் ஒரே கூர்மையோடு விழுவது லென்ஸின் தன்மையையும் பொறுத்தது. நிக்கான் 1956இல் வெளியிட்ட மைக்ரோ நிக்கோர் லென்ஸ், நுண்படச் சுருளில் ஜப்பானிய ஆவணங்களின் நெருக்கமான எழுத்துகளைப் படிக்கத்தக்க தெளிவுடன் பதிவு செய்யும் தேவையிலிருந்து பிறந்தது. மேக்ரோ லென்ஸ்கள் இன்றும் தட்டையான குவியத்தளத்தை நோக்கி வடிவமைக்கப்படுவதால், சாதாரண லென்ஸோடு இணைப்புக் குழாய் பொருத்தி எடுப்பதைவிட மூலைகளில் மேம்பட்ட தெளிவைத் தருகின்றன.

அடுக்கிச் சேர்த்தல்

ஒரே படத்தின் வரம்பை மீறும் வழி, பல படங்களை எடுத்துச் சேர்ப்பதேயாகும். ஃபோகஸ் ஸ்டேக்கிங் என்று வழங்கும் இம்முறையில், குவியத்தளத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி வரிசையாகப் படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் கூர்மையான பகுதியை மட்டும் பொறுக்கி ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டேக்கர் போன்ற மென்பொருள்கள் ஒரே படமாகத் தைக்கின்றன. இங்கே துளையைச் சுருக்கவேண்டிய தேவையே இல்லை. உருப்பெருக்கம் 2இல் எஃப்/5.6 துளை கால் மில்லிமீட்டர் ஆழத்தைத் தருகிறது. ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு 0.15 மி.மீ. இடைவெளியில் நகர்ந்தால், 4 மி.மீ. ஆழத்துக்கு ஏறத்தாழ 27 படங்கள் போதும். ஏரி வட்டும் 23 மைக்ரானுக்குள் அடங்குவதால், ஆழமும் கூர்மையும் ஒருசேரக் கைகூடுகின்றன.

முழுத் தெளிவு இந்த மண்ணுக்குப் புதியதன்று. 1803க்கும் 1818க்கும் இடையில் பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் ஃபார்குவார் மலாக்காவில் சீன ஓவியர்களைக் கொண்டு வரைவித்த 477 இயற்கை ஓவியங்கள் இன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் உள்ளன. ஓவியர் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே நோக்கி ஒரே தாளில் சேர்த்தமையால், அங்கே முன்னும் பின்னும் ஒரே தெளிவோடு நிற்கின்றன. அடுக்கிய படமும் அதே வேலையைச் செய்வதால், அது ஒரு கணத்தின் பதிவாக இல்லாமல் தொகுக்கப்பட்ட சான்றாகிறது. மயிர்களின் ஓரத்தில் ஒளிவட்டம் படர்வதும், ஒன்றையொன்று மறைக்கும் கால்கள் சந்திக்கும் இடத்தில் இல்லாத வடிவங்கள் தோன்றுவதும், நடுவில் அசைந்த உணர்கொம்பு இரண்டாகத் தெரிவதும் இம்முறையின் குறைகளாகும். அறிவியல் பயன்பாட்டுக்கு அளிக்கப்படும் படத்தோடு, எத்தனை படங்களின் தொகுப்பு என்ற குறிப்பும், அடுக்காத மூலப்படங்களும் சேர்ந்திருத்தல் வேண்டும்.

ஒளி, அசைவு, ஈரம்

கூர்மையைக் கெடுப்பன ஒளியியல் வரம்புகள் மட்டுமல்ல. மூச்சு விடுகையில் உடல் முன்பின்னாக ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலே குவியத்தளம் கண்ணைவிட்டு வயிற்றுக்குச் சென்றுவிடும். குறைந்த ஆற்றலில் விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே ஒளிரும் ஃபிளாஷ், பக்கவாட்டு அசைவை உறையச் செய்யும். முன்பின் அசைவால் தவறிய குவியத்தை எதுவும் மீட்காது. அந்த ஒளியை மெல்லிய வெண்பரப்பின் வழியே பரப்பி விடாவிட்டால், பொன்னிலும் வண்டின் ஓட்டிலும் வெண்திட்டுகள் விழுந்து நுண்விவரம் அழிந்துவிடும். சிங்கப்பூரில் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விட்ட குதிக்கும் சிலந்தியின் உடலில் மின்னும் நீலப்பச்சைப் பட்டைகள், ஒளி படும் கோணத்துக்கேற்ப நிறம் மாறுவன. அங்கே ஒளியின் பரப்பு, கூர்மையைப் போலவே நிறத்தின் உண்மையையும் தீர்மானிக்கிறது.

சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல் இருப்பதால், அலமாரியில் வைத்த லென்ஸின் உட்புறத்தில் பூஞ்சை படர்வது இங்குப் பரவலான இழப்பாகும். பூஞ்சை படிந்த லென்ஸ் ஒளியைச் சிதறவிட்டு, நிழலும் வெளிச்சமும் வேறுபடும் தெளிவைக் குறைத்துவிடும். எந்தத் துளையும் அதைச் சரிசெய்யாது. 40 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் இயங்கும் உலர்பெட்டி, இந்நகரில் லென்ஸோடு சேர்த்து வாங்கவேண்டிய பொருளாகும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்தவுடன் கண்ணாடியில் படியும் நீர்த்திவலை தானாக விலகும்வரை, கருவியைப் பைக்குள்ளேயே வைத்திருத்தலும் நன்று.

முடிவுரை

இதுவரை கண்டவற்றிலிருந்து பெறப்படும் முடிவு இது: மேக்ரோ ஒளிப்படத்தில் ஆழமும் கூர்மையும் ஒரே கையிருப்பிலிருந்து செலவழிக்கப்படுபவை. உருப்பெருக்கம் இருமடங்கானால் அக்கையிருப்பு நான்கில் ஒரு பங்காகக் குறையும். புதிய லென்ஸோ புதிய சென்சாரோ அதைக் கூட்டித் தருவதில்லை. எனவே படமெடுப்போர் துளையைத் தொடுவதற்கு முன், படத்தில் எது தெரிந்தே ஆகவேண்டும் என்பதை முடிவு செய்து, அதற்கு இணையாகச் சென்சாரை அமைத்துக்கொள்ளவேண்டும். உண்மை அளவுப் படத்துக்கு எஃப்/11 என்னும் எல்லையைத் தாண்டாதிருத்தலும், தாண்டவேண்டிய இடத்தில் அடுக்கிச் சேர்க்கும் முறையை நாடி, அதைப் படக்குறிப்பில் மறைக்காமல் தெரிவித்தலும் நல்ல பழக்கங்களாகும். தங்கள் லென்ஸின் எல்லையை அறிய விரும்புவோர், அளவுகோல் ஒன்றை 45 பாகை சாய்த்து வைத்து, ஒவ்வொரு துளையிலும் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கி ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக. எந்தத் துளையில் நடுக்கோடும் மங்கத் தொடங்குகிறதோ, அதற்கு முந்தைய துளையே அவர்களுடைய லென்ஸின் எல்லை.